எங்கள் ஊராட்சியின் கார்பன் கணக்கை ஊராருக்குப் புரியும்படி எப்படி வெளியிடுவது?

கார்பன் கணக்கு என்பது ஊரில் செலவாகும் மின்சாரமும் எரிபொருளும் வெளியேற்றும் கரியமில வாயுவின் கூட்டுத்தொகை. செலவான அளவை அதற்குரிய எண்ணால் பெருக்கிக் கூட்டினால் கிடைத்துவிடும். தொடங்க மூன்று எண்கள் போதும்: மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு, டீசல் லிட்டருக்கு 2.7, 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டருக்கு ஏறத்தாழ 42 கிலோ. மின்சார எண்ணை மத்திய மின்சார ஆணையம் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். எந்த ஆண்டுக்கானது என்று அட்டவணையிலேயே குறியுங்கள்.

தமிழ்நாட்டில் பலரும் சறுக்குவது மின்கட்டணத்தில்தான். ரசீது இரண்டு மாதத்துக்கானது. மாதக் கணக்கென்று 12-ஆல் பெருக்கினால் தொகை இரட்டிப்பாகும். இலவச 100 யூனிட்டைக் கழிக்காதீர்கள்; ரூபாய் குறையும், புகை குறையாது. மீட்டர் இல்லாத பம்புசெட்டுக்குக் குதிரைத்திறனை 0.75-ஆலும் ஓடிய மணிநேரத்தாலும் பெருக்கினால் யூனிட் கிடைக்கும்; அதன் பக்கத்தில் ‘மதிப்பீடு’ என்று எழுதுங்கள்.

ஊராட்சி அறிவிப்புப் பலகையில் டன் கணக்கு போட்டால் யாரும் நின்று படிக்கமாட்டார்கள். ‘தெருவிளக்குகள் = இத்தனை சிலிண்டர்’ என்றால் படிப்பார்கள். மூல அட்டவணையை எக்செல்லாகக் கொடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃபைக் கூட்டிப் பார்க்க முடியாது. வீடுவாரியாக வேண்டாம், தெருவாரியாகப் போதும். இல்லையென்றால் பேச்செல்லாம் பக்கத்து வீட்டு ஏசியைப் பற்றியதாகிவிடும்.