அப்பத்தாவின் பொருமலும் பேத்தியின் படிப்பும்

அன்புள்ள ஆச்சிக்கு,

செருப்பை மாட்டிக்கொண்டே, "வயிற்றுப் பொருமலைப் படிக்கவா இத்தனை செலவழித்துப் படிக்க வைத்தோம்?" என்று கேட்டீர்கள். உங்கள் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று வாசலில் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

வயிறு ஏன் இப்படிப் பொருமுகிறது என்று ஆராய வேண்டும் என்ற அவளுடைய ஆசை விளையாட்டில்லை. அப்பத்தாவுக்கு எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று; ஒன்றுமில்லை என்றுதான் வந்தது. ஆனால் இரண்டு வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டாலே வயிறு உப்பி, இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. இந்த மாதிரிக் கோளாறுகளில் குடலின் உருவத்தில் பழுது இருக்காது; அது அசையும் விதத்திலும், மூளையோடு அது பேசிக்கொள்ளும் விதத்திலும் கோளாறு இருக்கும். 33 நாடுகளில் 73,000 பேருக்கு மேல் கேட்டறிந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், வீடு தேடிப் போய்க் கேட்ட இடங்களில்கூட ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இப்படி ஏதோ ஒன்று இருந்தது. (அப்பத்தாவுக்கு எடை குறைந்தாலோ மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, பழைய ரிப்போர்ட்டை நம்பி இருந்துவிடாதீர்கள்; உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.)

அன்று அவள் தன் வயிற்றில் கைவைத்து, "ஒரு அலைக்கு இருபது விநாடி" என்று எனக்கு எண்ணிக் காட்டினாள். சரியான கணக்கு. இரைப்பையில் நிமிடத்துக்கு மூன்று மின்னலைகள் ஓடுகின்றன. இரைப்பைச் சுவரில் இருக்கும் கஹால் செல்கள் என்பவை அதற்குத் தாளம் போடுகின்றன. 1921இல் அல்வாரெஸ் என்ற மருத்துவர், வயிற்றுத் தோலின் மேல் மின்முனை (மின்சாரத்தை உணரும் எலக்ட்ரோடு) வைத்தே அதைப் பதிவு செய்தார். நூறு ஆண்டு ஆகியும் இதயத்துக்கு ஈ.சி.ஜி. போல வயிற்றுக்கு ஒன்று வழக்கத்துக்கு வரவில்லை. சமிக்ஞை அவ்வளவு மெலிது. இதயத்துடிப்பும் மூச்சும் அதை மூடிவிடுகின்றன. வேலை மிச்சமிருக்கும் இடம் இதுதான்.

நல்ல வேளையாக அவள் கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவு. பயோமெடிக்கல் எஞ்சினியரிங் நான்கு ஆண்டு. கருவி, சமிக்ஞை பக்கம் போகலாம். என் ஓட்டு இதற்குத்தான். நம் காரைக்குடியில், வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவான மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அங்கே வயிற்றை ஆராய்வதாக நான் சொல்லவில்லை. மின்முனை என்றால் என்ன என்று வகுப்புக்கு வெளியே அறிய, வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இப்படி ஓர் இடம் எத்தனை பிள்ளைகளுக்கு வாய்க்கிறது?

இல்லையென்றால் உடலியங்கியலோ உயிர்வேதியியலோ பி.எஸ்சி., எம்.எஸ்சி. முடித்து, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தகுதி வாங்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டு என்றே கணக்கு வையுங்கள். சீக்கிரம் முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கல்யாணப் பேச்சு நடுவில் வரும், அதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

மருத்துவராகித்தான் இதைத் தொட வேண்டும் என்றால் எம்.பி.பி.எஸ்., எம்.டி., அதற்கும் மேல் டி.எம். என்ற உயர் சிறப்புப் படிப்பு என்று பதினோரு ஆண்டுக்கு மேல். நீட்டுக்கு இன்னொரு வருடம் உட்கார அவளுக்கு மனமில்லை. என்னிடம் தனியாகச் சொன்னாள், உங்களிடம் சொல்லப் பயந்தாள்.

சனிக்கிழமை இருவரும் வாருங்கள். மதிப்பெண் பட்டியலோடு, அப்பத்தா என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு உப்பியது என்று அவள் எழுதி வைத்திருக்கும் நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். அதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.