'சும்மா' என்று சொல்லாதீர்கள்

கேள்வி: அமெரிக்காவில் டாம்பா நகரத்தில் இபோர் என்பவர் தொடங்கிய சுருட்டுக் கம்பெனியின் கதையைச் சொல்லுங்களேன். வேலை நேரத்தில் சும்மா கதை படித்துக் காட்டவே அங்கே ஆள் வைத்திருந்தாராமே? (வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: கம்பெனி கதையை முதலில் முடித்துவிடுகிறேன். விசென்ட்டே மார்ட்டினெஸ் இபோர் 1818இல் ஸ்பெயினின் வலென்சியாவில் பிறந்து, சின்ன வயதிலேயே கியூபாவுக்குப் போய், 1856இல் 'வேல்ஸ் இளவரசர்' என்ற பெயரில் சுருட்டுப் போட்டு நன்றாகவே சம்பாதித்தார். 1868இல் ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்து கியூபாவில் போர் வெடித்தது. இவர் கலகக்காரர்கள் பக்கம் என்று தெரிந்ததும் மறு வருடமே தப்பி அமெரிக்காவின் கீ வெஸ்ட் தீவுக்கு ஓடினார். அங்கே ஓயாத வேலைநிறுத்தம். 1885இல் டாம்பா பக்கத்தில் 40 ஏக்கர் வாங்கினார். நிலத்துக்காரர் கேட்ட 9,000 டாலரில் 4,000 டாலரை உள்ளூர் வணிகர் சங்கம் தருவதாக ஏற்றுக்கொண்டது. தொழிலாளிகளுக்கு வீடு கட்டி விற்றார், இபோர் சிட்டி என்று ஒரு ஊரே எழுந்தது.

சரி, அந்த 'சும்மா'வுக்கு வருகிறேன். ஆள் வைத்தது முதலாளி இல்லை. சுருட்டுச் சுற்றுகிறவர்கள் வாரா வாரம் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, தாங்களே தேர்ந்தெடுத்த வாசகருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். 'லெக்டோர்' என்று பெயர். மைக் கிடையாது. நூற்றுக்கணக்கான பேர் குனிந்து இலை சுற்றும் கூடத்தில், உயரமான மேடையில் ஏறி, கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில் செய்தித்தாளும் நாவலும் படிக்க வேண்டும். எந்த நாவல் என்பதற்கு ஓட்டெடுப்பு. பிடித்துப்போனால் இலை வெட்டும் பிறைக் கத்தியால் பலகையில் டக் டக்கென்று தட்டுவார்கள், அதுதான் கைதட்டல். இதையா சும்மா என்கிறீர்கள்?

கேள்வி என்ற சொல்லுக்கே கேட்டறிவது என்றும் பொருள் உண்டு, கேள்வி கேட்கிற நீங்கள் அதை மறக்கலாமா! கண்ணூர் பீடித் தொழிலாளிகளும் இதைத்தான் செய்தார்கள்: ஒருவர் பேப்பர் படிக்க, அவர் பங்கு பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படிப்பதைக் கேட்டே, எழுத்துக் கூட்டத் தெரியாத பத்துப் பேர் சட்டசபை விவகாரத்தைப் பிரித்து மேய்வார்கள். அப்படிப்பட்டவர்களைக் 'கைநாட்டு' என்று இளக்காரமாக எழுதிய ஒரு பேராசிரியரோடு இதே பக்கத்தில் நான் சண்டை போட்டது பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்றைக்கும் அந்தச் சண்டையில் ஓரடி பின்வாங்க மாட்டேன்.

சுருட்டு முதலாளிகளுக்கு இப்படிப் படித்துக் காட்டுவதன் மதிப்பு நன்றாகவே தெரிந்திருந்தது. லெக்டோர்கள் புரட்சிப் பத்திரிகைகளைப் படித்து ஆட்களைக் கெடுக்கிறார்கள் என்று சொல்லி 1931 நவம்பரில் டாம்பாவில் மேடைகளைப் பிரித்தெறிந்தார்கள். தொழிலாளிகள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தும் மேடை திரும்ப வரவில்லை. அப்புறம் அந்த இடத்தில் ரேடியோ வந்தது. அடுத்து எந்த நாவல் என்று அதனிடம் யார் போய் ஓட்டுப் போடுவது?