ஓக்லண்டில் யூத இளைஞர்களின் திறந்த வீடு: புதிதாக வந்திருக்கும் தம்பிக்குப் பதில்

தம்பி, உங்கள் அலுவலகத் தோழர் தம் யூத நண்பர்கள் இருவரோடு சேர்ந்து அமெரிக்காவின் ஓக்லண்டில் வீடு எடுக்கிறார் என்றும், வாடகையில் ஒரு பகுதியை மோய்ஷே ஹவுஸ் என்ற திட்டம் ஏற்கிறது என்றும், முதல் வெள்ளிக்கிழமை விருந்துக்கு உங்களையும் அழைத்திருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். இது மதம் மாற்றும் ஏற்பாடா, போகலாமா, நம் பிள்ளைகளும் இப்படி ஒரு வீடு நடத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். பிறரைத் தேடிப்போய் மதம் மாற்றுவது யூதர்களின் வழக்கமன்று. தாமாக வந்து கேட்பவரைக்கூட அவர்களுடைய குருமாரான ரப்பிகள் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை.

இந்த ஏற்பாடு 2006 ஆம் ஆண்டு உங்கள் ஓக்லண்டிலேயே தொடங்கியது. டேவிட் சிகெல்மன் என்ற இளைஞரின் முயற்சிக்கு மோரிஸ் ஸ்கொயர் என்ற கொடையாளர் பணம் கொடுத்தார். கல்லூரியில் படிக்கும் வரை யூத மாணவர்களுக்கு 1923 முதல் இயங்கிவரும் ஹில்லெல் அமைப்பு இருக்கிறது; திருமணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு ஜெப ஆலயம் இருக்கிறது. இடையில், வேலைக்காக முன்பின் தெரியாத ஊருக்கு வந்து, வாடகை அறையில் தனியாகச் சாப்பிடும் அந்தப் பத்தாண்டுகளுக்குத்தான் எதுவும் இல்லாமல் இருந்தது. திருமண வயது தள்ளிப்போகப் போக அந்த இடைவெளியும் நீண்டது. இந்த ஊருக்கு வந்த புதிதில் நானும் அந்தத் தனிமையை அனுபவித்தவன் என்பதால், இந்த வீடுகள் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

இவற்றை நடத்துவது குருமார் அல்லர், அங்கே குடியிருக்கும் இளைஞர்களே. ஷபாத் (வெள்ளி மாலை தொடங்கும் யூதர்களின் வார ஓய்வுநாள்) விருந்தா, பண்டிகையா, நூல் வாசிப்பா, ஏழைகளுக்கு உணவு சமைத்துக் கொடுப்பதா என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். மாதந்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நிகழ்ச்சி நடத்தினால் வாடகை உதவியும் செலவுத் தொகையும் கிடைக்கும். மண்டபம் என்றால் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். இங்கோ, விருந்தாளி போன பிறகு பாத்திரம் துலக்குபவரும், மறுநாள் காலையில் அதே மேசையில் காபி குடிப்பவரும் ஒருவரே. வருகிறவர்கள் தயங்காமல் பழகுவதற்கு அதுவே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அமைப்பதுதான் எளிதன்று. இந்நாட்டில் மூவர் சேர்ந்து ஒரே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், பெரும்பாலும் ஒருவர் விலகினாலும் முழு வாடகைக்கும் மற்றவர்களே பொறுப்பாவார்கள். வாரந்தோறும் ஆட்கள் கூடுவார்கள் என்பதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும்விட நீளமான பேச்சு சமையலறை பற்றியதாகத்தான் இருக்கும். கோஷர் என்ற யூத உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் சேரக் கூடாது, பாத்திரங்களும் தனித்தனியாக இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு வீட்டில் இறைச்சிக் கரண்டிகள் இருந்த இழுப்பறையில் சிவப்புத் தாளும், பால் பொருள்களுக்கானதில் நீலத் தாளும் ஒட்டியிருந்தார்கள். விதிகளைக் கடுமையாகக் கடைப்பிடிப்பவரும் பெரிதாகப் பொருட்படுத்தாதவரும் ஒரே வீட்டில் இருக்கும்போது, சைவச் சமையல் மட்டும் என்று முடிவெடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். நமக்கும் அது வசதிதான்.

பெயரைப் பதிவு செய்த பிறகே முகவரி தருவார்கள் என்பதை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம். 2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகர ஜெப ஆலயத்தில் வழிபாட்டுக்கு வந்திருந்த 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் கதவைத் திறந்து வைப்பது என்பதே யூதர்களுக்கு யோசித்துச் செய்ய வேண்டிய காரியமாகிவிட்டது. அப்படியிருந்தும் அறிமுகமில்லாதவரை மேசைக்கு அழைக்கிறார்கள் என்பதை நாம் மதிக்க வேண்டும்.

விருந்துக்கு, வீட்டில் சமைத்த எதையும் கொண்டுபோக வேண்டாம். கோஷர் சமையலறையில் அது அவர்களுக்குச் சங்கடம். நறுக்காத பழங்கள் போதும். சூரியன் மறையுமுன் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பிறகு திராட்சை ரசக் கிண்ணத்தை உயர்த்தி ஆசி சொல்வார்கள். துணியால் மூடிய இரண்டு பின்னல் ரொட்டிகள் மேசையில் இருக்கும். கைகழுவியவர்கள் ரொட்டிக்கான ஆசி முடியும்வரை பேச மாட்டார்கள். நீங்கள் பேச்சுக் கொடுத்துப் பதில் வரவில்லையென்றால் மனம் கோணாதீர்கள். ஷபாத்தில் கைப்பேசியைத் தொடாதவர்கள் சிலர் இருக்கக்கூடும் என்பதால், கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

நம் பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். இங்குள்ள தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவையும் தமிழ்ப் பள்ளியையும் அருமையாக நடத்துகின்றன. ஆனால் அங்கே கூடுவோரில் பெரும்பாலோர் குடும்பஸ்தர்கள். தனியாக வந்திருக்கும் இருபத்தைந்து வயதுக்காரருக்கு அங்கே ஒட்டிக்கொள்ள இடம் கிடைப்பது கடினம். எனவே தேவை உண்மையானது. ஆனால், ஒரே கொடையாளரை நம்பி வீடு எடுத்துவிடாதீர்கள். 2008 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் ஸ்கொயரின் ஆதரவு நின்றபோது, மோய்ஷே ஹவுஸ் தனி அமைப்பாகி, பல அறக்கட்டளைகளின் உதவியைத் தேடித்தான் பிழைத்தது. அவர்களிடமே, தனி வீடு இல்லாதவர் தம் இருப்பிடத்தில் விருந்து நடத்துவதற்குச் செலவுத் தொகை தரும் திட்டமும் உண்டு. நீங்களும் உங்கள் அறைத் தோழர்களும் மாதம் ஒரு சனிக்கிழமை, இருக்கும் வீட்டிலேயே பத்துப் பேருக்குச் சோறு போட்டுத் தொடங்குங்கள். முதல் மாத மளிகைச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.