77 டாலர் 33 சென்ட்

வணக்கம். மகனைப் பார்க்கப் போயிருந்தபோது நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டோம். மெனுப்படி 60 டாலர், பில்லில் 65.33. என் கார்டைக் கொடுத்தேன். மகன் சீட்டில் ஏதோ எழுத, நான் கையெழுத்துப் போட்டேன். போனில் 65.33 என்றுதான் செய்தி வந்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் 77.33! பின் நம்பர்கூடக் கேட்கவில்லை. ஏமாந்துவிட்டோமா?

– வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

ஏமாறவில்லை. உங்கள் மகன் எழுதியது 12 டாலர் டிப்ஸ். 60-க்கு 20 சதவீதம்.

5.33 விற்பனை வரி. நியூயார்க் நகரில் 8.875 சதவீதம். வரி ஊருக்கு ஊர் மாறுவதால் விலையில் சேர்ப்பதில்லை என்பார்கள். ஒரே தெருவில் இருக்கும் உணவகத்துக்கு என்ன மாறப்போகிறது?

கார்டைத் தேய்க்கும்போது வங்கியிடம் 65.33-க்கு அனுமதி மட்டும்தான் வாங்குகிறார்கள். கிரெடிட் கார்டுக்குப் பின் நம்பர் கேட்பது அங்கே பெரும்பாலும் கிடையாது. பிறகு இரண்டு பிரதி வரும். டிப்ஸ், கூட்டுத்தொகை, கையெழுத்து மூன்றையும் கடைப்பிரதியில் போட்டு மேஜையிலேயே வைத்துவிட வேண்டும். மாற்றி எடுத்து வந்துவிட்டால் சர்வருக்கு டிப்ஸ் போகாது. சீட்டில் உள்ளதை அவர் பிறகு கணினியில் ஏற்றுவார், 77.33 அப்படி வந்ததுதான். டிப்ஸை ரொக்கமாகத் தருவதானால் அந்த இடத்தில் கோடு கிழித்து, கூட்டுத்தொகையில் 65.33 எழுதுங்கள். காலியாக விடாதீர்கள்.

இவ்வளவு டிப்ஸ் எதற்கு? மத்தியச் சட்டப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991 முதல் அதே தொகை. மற்றவர்களுக்குக் குறைந்தபட்சம் 7.25. இடையிலுள்ள 5.12 டிப்ஸில் வர வேண்டும், வராவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும். நியூயார்க்கில் கூலி இதைவிட அதிகம். கலிபோர்னியாவிலோ டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் வழக்கமே இல்லை, முழுக் கூலி. அங்கும் 18, 20 சதவீதம்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆகவே கூலியை மட்டும் காரணம் சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆறு பேர், எட்டுப் பேராகப் போனால் பில்லை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பல இடங்களில் 'கிராஜுவிட்டி' (அங்கே டிப்ஸுக்கு இன்னொரு பெயர்) என்று 18 அல்லது 20 சதவீதத்தை அவர்களே சேர்த்திருப்பார்கள். கவனிக்காமல் மறுபடி எழுதினால் இரட்டை டிப்ஸ். பில்லின் அடியில் அச்சிட்டுத் தரும் டிப்ஸ் கணக்கும் சில கடைகளில் வரி சேர்ந்த தொகைக்குப் போட்டதாக இருக்கும்: உங்கள் பில்லுக்கு 12 அல்ல, 13.07. நியூயார்க்கில் டிப்ஸுக்கு வரியை இரட்டித்துவிடுங்கள், 10.66, கிட்டத்தட்ட 18 சதவீதம். தாராளமாகப் போதும்.

காபிக் கடையில் நீங்களே கவுண்டரில் வாங்கிக்கொள்ளும்போது திரையைத் திருப்பி 20 சதவீதம் காட்டினால், 'நோ டிப்' அழுத்தலாம். கூச்சமே வேண்டாம்.