பின்பாலும் பின்போலும்

கேள்வி: ஹட்டனில் புதிதாகக் கட்டிய வீட்டின் மேல்மாடியில் வைப்பதற்கு, வெளிநாட்டிலிருந்து 'பின்பால்' இயந்திரம் ஒன்றைத் தருவிக்க விரும்புகிறேன். விலை மிக அதிகம். வாங்கலாமா?
(வாசகர் ஒருவர், ஹட்டன்)

பதில்: கண்ணாடி மூடிய சரிவுப் பலகையில் உருளும் உருக்குப் பந்தை, பொத்தானை அழுத்தினால் அசையும் இரு சிறு துடுப்புகளால் அடித்து, குழிக்குள் விழாமல் காக்கும் ஆட்டம்தான் இது. முதலில் அந்தச் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். ஃபுட்போல், வொலிபோல் என்று எழுதிப் பழகிய இலங்கைத் தமிழர் 'பின்போல்' என்றுதான் எழுத வேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் நான் பல வருடங்களாக நடத்திவரும் சண்டை. எங்கள் ஒப்புநோக்குநரோ சென்னைச் சஞ்சிகைகளைப் படித்துப் படித்து 'பால்' கட்சிக்குப் போய்விட்டார். பின்பால் என்பது, மாதக் கடைசியில் பால்மா தீர்ந்து, இப்போதைக்குப் பிளேன்டீ, சம்பளம் வந்த பின் பால் என்று மலையகத்து அடுப்படிகளில் நடக்கும் ஏற்பாடு அல்லவா? 'பின்போல்' என்றால் ஊசியைப் போல் என்று பொருள்படுமே என்று அவர் திருப்பிக் கேட்கிறார். படட்டும், ஆதியில் அந்தப் பலகையில் ஊசிகளைத்தான் அறைந்திருந்தார்கள்.

இனி விலை. புதிய இயந்திரத்தில் சாதாரண ரகமே அமெரிக்காவில் ஏறத்தாழ 7,000 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று வைத்தாலும் 21 இலட்சம். கப்பல் கூலியும் சுங்கத் தீர்வையும் வேறு. ஆனால் என் கவலை விலையல்ல, சாய்வு. ஆட்டப் பலகை விளையாடுபவரை நோக்கி ஏறத்தாழ 6.5 பாகை சரிந்தும், பக்கவாட்டில் துல்லியமான மட்டத்திலும் நிற்க வேண்டும். உள்ளே, மேசன் பாஸின் தூக்குக்குண்டைப் போன்ற ஒரு சிறு குண்டு வளையமொன்றின் நடுவே தொங்கும்; ஆத்திரத்தில் பெட்டியை உலுக்கினால் குண்டு வளையத்தில் பட்டு, துடுப்புகள் இரண்டும் செத்துப்போக, பந்து உங்கள் கண்ணெதிரே குழிக்குள் இறங்கும். நம் மூடுபனியின் ஈரத்தில் உருக்குப் பந்து துருவேறும். துருவேறிய பந்து பலகையின் ஓவியத்தை அரம் போல் சுரண்டும். ஒக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல் இடிமின்னல் அதன் மின்சுற்றுகளை என்ன செய்யும் என்பதை, தொலைக்காட்சியை இழந்த எவரிடமும் கேட்டறியலாம்.

வீட்டார் சூதாட்டம் என்று முகம் சுளித்தால், நியூயோர்க் நகரமும் அப்படி எண்ணித்தான் 1942 இல் அதைத் தடைசெய்தது என்றும், பந்தை ஆடுபவரின் கைக்குள் கொண்டுவந்த துடுப்புகள் வந்ததே 1947 இல்தான் என்றும், 1976 இல் ரோஜர் ஷார்ப் என்பவர் பந்து எவ்வழியே போகும் என்று முன்கூட்டியே சொல்லி, நகரசபையினர் கண்முன் அவ்வாறே அடித்துக்காட்டிய பிறகு தடை நீங்கியது என்றும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஆகவே, எரிந்துபோன கம்பிச் சுருளைக் கழற்றி மாற்றவும், பற்றாசு வைக்கவும் உங்களுக்கே தெரியுமானால் வாங்குங்கள். தெரியாதெனில், ரொறன்ரோவில் என் மருமகன் வீட்டு நிலக்கீழறையில் நான் கண்டதுதான் உங்கள் மேல்மாடியிலும் நடக்கும். மூன்று மாதம் பேரப்பிள்ளைகள் முறை வைத்து விளையாடினார்களாம். ஒருநாள் இடப்பக்கத் துடுப்பு அசைய மறுத்தது. திருத்த வருபவர் கேட்ட கூலியைக் கேட்டு மருமகன் இயந்திரத்தின் மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது மகள் அந்தக் கண்ணாடியின் மேல் துவைத்த துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். சரிவு அங்கேயும் விடவில்லை. மருமகனின் சட்டைகள் ஒவ்வொன்றாக வழுக்கிக் கீழே விழுந்துகொண்டிருந்தன.