கருகியது நெல், கெட்டது மருந்தா, கலவையா?

கேள்வி: கல்லல் பக்கம் மூன்று ஏக்கரில் நேரடி விதைப்பு நெல். "பட்ட களை மட்டும்தான் கருகும், நெல்லுக்கு ஒன்றும் ஆகாது" என்று கடைக்காரர் ஒரு களைக்கொல்லி கொடுத்தார். கூலி மிச்சமாகட்டும் என்று பூச்சிமருந்தையும் சேர்த்தே அடித்தோம். நாலாம் நாள் பயிரும் கருகிவிட்டது. கேட்கப் போன என்னை ஊரார் முன்னால் அவமானப்படுத்தினார். இப்போது கடன் பாக்கியைத் தள்ளி, கொஞ்சம் பணமும் தருகிறேன் என்கிறார். எனக்குப் பணம் வேண்டாம், அவரைக் கோர்ட்டில் ஏற்ற வேண்டும்.

பதில்: அவமானத்தை ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரி: "பூச்சிமருந்தையும் சேர்த்தே அடித்தோம்."

மருந்து தரக்குறைவு என்றால் கம்பெனியும் கடையும் பதில் சொல்ல வேண்டும். கலந்ததால் கருகியது என்றால் அந்த வழக்கு நிற்காது. புரோபனில் என்ற நெல்வயல் களைக்கொல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லுக்குள் இருக்கும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடுவதால்தான் பயிர் தப்பிக்கிறது. ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து சேர்ந்தால் அந்த நொதியே முடங்கும், நெல்லும் கருகும். உங்கள் மருந்து எதுவானாலும், எதிர்த்தரப்பு வக்கீல் லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு இங்கிருந்துதான் ஆரம்பிப்பார்.

கலக்கச் சொன்னது யார்? கடைக்காரர் பில்லின் பின்னால் அளவோடு எழுதிக் கொடுத்திருந்தால், தவறான யோசனை சொன்னார் என்று நுகர்வோர் ஆணையத்தில் வாதாடலாம். வாய்ச்சொல் மட்டும் என்றால் கஷ்டம்.

என்னிடம் வந்தவர்கள் பலர் மாட்டிக்கொண்டது பரிசோதனையில்தான். திறந்த பாட்டிலைக் கொடுத்தால் "வேறு எதையோ ஊற்றிவிட்டார்" என்பார்கள். களைக்கொல்லியும் 1968 பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள் வருவதால், ஆய்வாளர் கடையிலிருந்து அதே பேட்ச் பாட்டிலை மாதிரி எடுக்கலாம். அது சரியான தரம் என்று வந்துவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்தது. வேளாண் அலுவலரின் சான்று பயிர் கருகியதைச் சொல்லும். எதனால் என்று பெரும்பாலும் சொல்லாது. 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நம்பி வருகிறவர்களும் உண்டு. விவசாயி சோதனைக்கென்று விதையை எடுத்து வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என்றது அது; ஆனால் அது விதை வழக்கு. கலந்து அடித்த மருந்துக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள்.

நேராகச் சொல்கிறேன், சமரசத்துக்குப் போங்கள். பாக்கித் தள்ளுபடி, விதைச் செலவு, உழவுக் கூலி வரை கேளுங்கள்.

ஆனால் "அறுப்பு முடியட்டும், பொங்கல் கழியட்டும்" என்று இழுத்தால் உஷார். நுகர்வோர் வழக்குக்குக் காலவரம்பு 2 ஆண்டு. பேசிக்கொண்டிருந்தோம் என்பதற்காக அது தானாக நீளாது. பணம் வங்கிக்கு வந்து சேரும்வரை "இனி கோரிக்கை இல்லை" என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பாட்டில், லேபிள், பில் மூன்றும் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்.