அரக்கனின் இமைகள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

திகில் படங்களின் சேகரிப்புப் பொம்மைகளைச் சில ஆண்டுகளாக வாங்கிவருகிறேன். அண்மையில் 1931ஆம் ஆண்டு ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்தில் போரிஸ் கார்லாஃப் ஏற்ற அரக்கன் வேடத்தின் 7 அங்குல உருவத்தை ₹5,000க்குச் சற்று மேல் கொடுத்து வாங்கினேன். கறுப்பு வெள்ளைப் பதிப்பு. மாற்றிப் பொருத்த மூன்று தலைகள், இரண்டு ஜோடிக் கைகள், ஒரு சங்கிலி ஆகியவை உடன் வந்தன. வழக்கம்போல மதிப்பெண் அட்டவணை போட்டேன்: வடிப்பு 9, வண்ணம் 7, மூட்டுகள் 10, துணைப்பொருள்கள் 8, பெட்டி 9, ஆக மொத்தம் 50க்கு 43. முதன்மைத் தலையில் இமைகள் பாதிக்கு மேல் இறங்கியிருப்பதால் கருவிழி சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் வண்ணத்துக்கு மூன்று மதிப்பெண் குறைத்தேன். உறுமும் தலையோ பிரமாதம். என் மதிப்பீடு சரிதானா? வண்ணப் பதிப்பை வாங்கியிருக்க வேண்டுமா? பெட்டியைப் பிரித்துவிட்டேன், அது தவறா? வீட்டில் வேறு, முப்பது வயதில் பொம்மையா என்று சிரிக்கிறார்கள்.

முத்து, திருச்சி

அன்புள்ள முத்து,

வீட்டார் சிரிப்பதை விட்டுத்தள்ளுங்கள். நம் ஊரில் எங்கோ ஒரு மனையை வாங்கிக் கல் நட்டு வேலி போட்டுவிட்டு ஆயுள் முழுக்க அந்தப் பக்கமே போகாதவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. நீங்கள் வாங்கியதைத் தினமும் எடுத்துப் பார்க்கிறீர்கள். பெட்டியைப் பிரித்ததும் தவறில்லை. விற்பதற்காக வாங்கியவர்தான் அதற்கு வருந்த வேண்டும், உங்கள் கடிதத்தில் விற்கிறவரின் குரல் இல்லை. விலை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்த மூன்று மதிப்பெண்ணைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கடிதம் வந்த நேரத்தில் அதே படத்தை மறுபடி பார்த்துவிட்டு அதே இமைகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதால் கோபம் இரட்டிப்பாயிற்று. எது அந்த உருவத்தின் உயிர்நாடியோ அதைக் குறை என்று எழுதி, அதற்குத் தண்டனையும் விதித்திருக்கிறீர்கள்.

அரக்கன் முதன்முதலாக நம் முன் வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கதவு திறக்கிறது, அவன் முதுகைக் காட்டியபடி பின்னடி வைத்து உள்ளே வருகிறான், பிறகு மெல்லத் திரும்புகிறான். இயக்குநர் ஜேம்ஸ் வேல் அங்கே கேமராவை வழுக்கிக்கொண்டு போகவில்லை, வெட்டி வெட்டி ஒவ்வொரு வெட்டிலும் முகத்துக்கு இன்னும் அருகே போகிறார். கடைசியில் திரை முழுவதும் அந்த முகம்தான். நீங்கள் தேடும் தெளிவான கருவிழி அங்கே எங்கே இருக்கிறது? கனத்துத் தொங்கும் இரண்டு இமைகள், அவற்றுக்கு அடியில் எதையும் இன்னும் அடையாளம் காணத் தெரியாத ஒரு பார்வையின் கீற்று, அவ்வளவுதான். உறுமல் இல்லை, பல் இல்லை, இரத்தம் இல்லை. அப்படியிருந்தும் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த இடத்தில் நாம் நாற்காலியில் சற்றுப் பின்னே சாய்கிறோம்.

இது தற்செயலாக அமைந்ததல்ல. படத்தைத் தயாரித்த யுனிவர்சல் நிறுவனத்தின் ஒப்பனைத் தலைவராக இருந்த ஜாக் பியர்ஸ் இந்த முகத்தைக் கட்டியெழுப்பிச் சோதித்துப் பார்த்தபோது, கண்கள் மட்டும் மிகையான உயிர்ப்போடு, எல்லாம் புரிந்த மனிதனின் கண்களாக இருப்பது கார்லாஃபை உறுத்தியிருக்கிறது. பிணங்களிலிருந்து வெட்டியெடுத்துத் தைத்துச் சேர்க்கப்பட்டு, சற்றுமுன் எழுந்து நின்றவனுக்கு அப்படியொரு பார்வை எப்படி வரும்? பிணங்களுக்கு முகம் திருத்துபவர்கள் பயன்படுத்தும் மெழுகை பியர்ஸ் அவருடைய இமைகளில் அப்பினார். கண் பாதி மூடியது, அரக்கன் பிறந்தான். இந்தக் கதைக்கு மூலமான மேரி ஷெல்லியின் 1818ஆம் ஆண்டு நாவலிலும் அந்த உயிர் விழித்ததற்கு முதல் அடையாளம், மங்கிய மஞ்சள் கண் ஒன்று திறப்பதுதான். படத்தில் அந்த இடத்தைக் கையின் அசைவு எடுத்துக்கொண்டது. கண்ணின் மங்கலை மட்டும் மெழுகு காப்பாற்றியது.

இப்போது உங்கள் பொம்மைக்கு வருவோம். 7 அங்குல உருவத்தில் ஒரு கண்ணின் அகலம் 3 மில்லிமீட்டருக்குமேல் இருக்காது. இன்று பல நிறுவனங்கள் அந்த இடத்தைத் தூரிகையால் தீட்டுவதில்லை. நுண்ணிய புள்ளிகளாக மையைத் தெளித்து முகத்தை அச்சிடுகின்றன. அந்த முறையில் வெண்விழி, கருவிழி, அதன்மேல் ஒளிப்புள்ளி என்று எல்லாவற்றையும் துல்லியமாகக் கொண்டுவர முடியும். முடியும் என்பதாலேயே எல்லா முகத்திலும் கொண்டுவந்துவிடுகிறார்கள். ஒரு விளையாட்டு வீரனுக்கோ விண்வெளிப் படைத்தலைவனுக்கோ அது பொருந்தும். இந்த அரக்கனுக்கு அந்த ஒளிப்புள்ளியைப் போட்டால் காலையில் காபி குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பியவன் மாதிரி இருப்பான். கையில் அவ்வளவு நுட்பமான அச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு, இமையை இறக்கிக் கண்ணை மறைக்க ஒரு வடிப்பாளர் துணிந்திருக்கிறார் என்றால், அவர் படத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார் என்று பொருள். நீங்கள்தான் பார்க்கவில்லை.

நான் நியூ ஜெர்சியில் சில ஆண்டுகள் இருந்தபோது பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டின் பேஸ்மென்ட்டில், சலவை இயந்திரத்துக்கு மேலிருந்த பலகையில், அரோரா நிறுவனம் 1961இல் வெளியிட்ட, துண்டுகளை நாமே ஒட்டிச் சேர்க்கும் ஃபிராங்கன்ஸ்டைன் கிட்டில் செய்த உரு ஒன்று நின்றது. யுனிவர்சலின் பழைய திகில் படங்கள் 1957இல் ஒரே தொகுப்பாகத் தொலைக்காட்சிக்குக் கொடுக்கப்பட்டு, அவற்றை இரவில் விழித்திருந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் அவரும் ஒருவர். அன்று 98 சென்ட் கொடுத்தால் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள் ஒரு பெட்டியில் வந்தன. பசையும் பெயின்ட்டும் தனியே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அவருடைய அரக்கனின் இடது தோளில் பசை வழிந்து பிளாஸ்டிக்கையே உருக்கியிருந்தது, அந்த உருகலில் ஒரு சிறுவனின் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. உடம்பெங்கும் பச்சை எனாமல், நெற்றித் தையலை மூடும் அளவுக்குத் தடிமனாக.

நான் பார்த்துக்கொண்டு நின்றது கண்களை. சிறுவனாக இருந்தபோது அவரிடம் ஒரே ஒரு தூரிகைதான் இருந்ததாம், அதுவும் கதவுக்குப் பெயின்ட் அடிக்கப் போதுமான அளவுக்குத் தடிமன். அதை வைத்துக் கருவிழி போட்டதில் அரக்கன் மாறுகண்ணோடு திகைத்து நின்றிருக்கிறான். அழுகை வந்துவிட, கண்ணின்மேல் பச்சையையே மறுபடி இழுத்திருக்கிறார். கீழ் விளிம்பில் மட்டும் ஒரு கீற்று வெள்ளை தப்பியது. அதன் பிறகு அந்த உருவைத் தன் படுக்கைக்கு எதிரே வைக்க முடியவில்லை, சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் தூங்குவேன் என்றார். பியர்ஸ் மெழுகை வைத்துச் செய்ததை அந்தப் பையன் தூரிகை கிடைக்காத குறையால் செய்து முடித்திருக்கிறான். உங்கள் அட்டவணையில் அந்த உருவுக்கு வண்ணத்தில் எவ்வளவு கிடைக்கும்? இரண்டு? ஒன்றரை?

அட்டவணை என்பதே எனக்கு ஒவ்வாத சங்கதி. எல்லாப் பொம்மைக்கும் ஒரே ஐந்து கட்டங்களைப் போட்டு நிரப்பிக்கொண்டே போனால், பொம்மை எதைச் செய்ய முயன்றது என்று கேட்கும் கட்டம் மட்டும் எப்போதும் விடுபட்டுப்போகும். மூட்டுகளுக்குப் பத்துக்குப் பத்து கொடுத்திருக்கிறீர்கள். எதற்காக? அவனைக் காற்றில் எகிறி உதைக்க வைக்கவா? இந்த உருவுக்கு மூட்டு வேண்டியது இரண்டு இடங்களுக்காக. ஒன்று, ஏரிக்கரையில் அந்தச் சிறுமியோடு முழந்தாளிட்டுப் பூக்களை நீரில் மிதக்கவிடும் காட்சி. மற்றொன்று, கூரைத் திறப்பு விலக்கப்பட்டு மேலிருந்து வெளிச்சம் விழும்போது, வாழ்நாளில் முதன்முதலாகக் கண்ட அந்த ஒளியைப் பிடிக்கப் பார்ப்பவனாய் இரண்டு கைகளையும் உயர்த்தும் காட்சி. முழங்கால் தரையைத் தொடுமளவுக்கு மடங்குகிறதா, கோட்டின் தோள்பகுதி தடுக்காமல் கை தலைக்குமேல் போகிறதா என்று சோதித்தீர்களா? இரண்டு ஜோடிக் கைகள் வந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அவற்றில் ஒரு ஜோடியாவது விரல் விரித்து உள்ளங்கையைக் காட்டுகிறதா? முறுக்கிய முஷ்டியும் கழுத்தை நெரிக்கும் கொக்கி விரல்களும் மட்டும்தான் என்றால் துணைப்பொருளுக்கு நீங்கள் கொடுத்த எட்டு மிக அதிகம்.

உறுமும் தலை பிரமாதம் என்கிறீர்கள். இருக்கலாம். விஞ்ஞானியின் உதவியாளன் ஃபிரிட்ஸ் தீப்பந்தத்தை நீட்டி வதைக்கும்போது அரக்கன் உறுமுகிறான், அது பயந்தவனின் உறுமல். ஆகவே அந்தத் தலையில் மட்டும் கண் விரிந்திருப்பதை நான் ஒப்புக்கொள்வேன். அதை அலமாரியில் நிரந்தரமாக மாட்டி வைப்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கன்னத்தையும் பாருங்கள். கார்லாஃபுக்குப் பொய்ப்பல் வரிசை ஒன்று இருந்தது. அதை இந்தப் படத்துக்காகக் கழற்றிவிட்டு ஒரு பக்கக் கன்னத்தை உள்ளே குழிய விட்டார். 1935இல் வந்த அடுத்த படத்தில் அரக்கன் பேசுகிறான். பேசப் பல் வேண்டும் என்பதால் கழற்ற முடியவில்லை, முகம் அதில் சற்று நிறைந்திருக்கும். 1931இன் உரு என்று சொல்லி விற்கும் பொம்மையில் இரண்டு கன்னமும் சமமாக இருந்தால் வடிப்பில் குறைக்க வேண்டியது அங்கேதான். கோட்டின் கை மணிக்கட்டுக்கு வெகுமேலே நின்றுவிட வேண்டும். கைகள் அளவுக்கு மீறி நீண்டவையாகத் தோன்றுவதற்காகவே பியர்ஸ் அதைக் குட்டையாக வைத்தார். தட்டையான உச்சந்தலைக்கும் அவரிடம் காரணம் இருந்தது. அறுவை பழகாத ஒரு விஞ்ஞானி மூளையை உள்ளே வைக்க வேண்டுமென்றால் மண்டையோட்டைப் பானை மூடி மாதிரி நேராக அறுத்துத் திறந்து, மறுபடி மூடிக் கவ்வி வைப்பான் என்பது அவர் கணக்கு. ஆகவே தலையின் விளிம்பில் தடித்த ஓரம் இருக்க வேண்டும், வழவழவென்று உருண்டிருக்கக் கூடாது. கழுத்தில் இருப்பவை மின்சாரம் ஏற்றும் முனைகள். பல மலிவுப் பொம்மைகளில் அவை மரையோடு கூடிய திருகாணிகளாகிவிட்டன. இவை ஒவ்வொன்றும் ஒரு மனிதர் யோசித்து எடுத்த முடிவு. பொம்மை அந்த முடிவுகளைப் புரிந்துகொண்டதா என்று பார்ப்பதைத்தான் நான் மதிப்பீடு என்பேன்.

வண்ணப் பதிப்பா, கறுப்பு வெள்ளையா என்று கேட்டிருந்தீர்கள், அதை மறந்தே போனேன். பியர்ஸ் பூசியது பச்சை கலந்த சாம்பல் நிறக் குழம்பு. கறுப்பு வெள்ளைச் சுருளில் அது பிணத்தின் வெளிறலாகப் பதியும் என்பதற்காகப் பூசினார். பார்வையாளர் அந்தப் பச்சையைத் திரையில் கண்டதேயில்லை. கிட் பெட்டிகளின் ஓவியங்களும் பொம்மைகளும் சேர்ந்து பிற்பாடு அவனை உலகம் முழுக்கப் பச்சையாக்கிவிட்டன. ஆக, உங்களிடம் இருப்பது திரையில் தெரிந்தவன், வண்ணப் பதிப்பு படப்பிடிப்புத் தளத்தில் நின்றவன். இரண்டும் நியாயமே.

கறுப்பு வெள்ளைப் பதிப்பில் நீங்கள் பார்க்க வேண்டியது மடிப்புகளில் தேங்கியிருக்கும் கருஞ்சாயம். கோட்டின் சுருக்கங்களிலும் கண்குழியிலும் அது இருளாக இறங்கி, மேட்டுப்பகுதிகளில் வெளுத்திருந்தால் நல்ல வேலை; எல்லா இடத்திலும் ஒரே சாம்பலாக இருந்தால் அது சிமென்ட் பொம்மை. அநேகமாக உங்கள் அலமாரி நேரே ட்யூப்லைட்டுக்கு எதிரில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்தத் தட்டை வெளிச்சத்தில் எந்த அரக்கனும் எடுபடமாட்டான். அறை விளக்கை அணைத்துவிட்டு, மேலே ஒரு பக்கத்திலிருந்து சிறிய மேசைவிளக்கை மட்டும் காட்டிப் பாருங்கள். நெற்றி விளிம்பின் நிழல் இமையின் மேல் விழ வேண்டும். விழுந்தால் அந்த மூன்று மதிப்பெண்ணோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பீர்கள். திருச்சி வெயிலில் கணுக்கால் நெகிழ்ந்து உரு முன்னே சாய ஆரம்பித்தால் பதற்றப்பட வேண்டாம். காலை வெந்நீரில் சற்று நேரம் வைத்து நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் காட்டினால் நின்றுவிடும்.

வண்ணப் பதிப்பும் வேண்டுமென்று மனம் அரித்தால், விளம்பரப் படத்தை நம்பி வாங்காதீர்கள்; அதில் நிற்பது பெரும்பாலும் கையால் தீட்டப்பட்ட மாதிரி உரு, உங்களுக்கு வருவது தொழிற்சாலைச் சரக்கு. கடைக்கு ஒரே பெட்டியில் மொத்தமாக வரும் பத்து உருக்களிலும் முகம் பத்து விதமாக அமையும். கடையில் நேரே பார்க்க முடிந்தால், சருமம் தவளைப் பச்சையாக இல்லாமல் சாம்பலுக்குள் மங்கிய பச்சையாக இருக்கும் ஒன்றை, இரண்டு இமைகளும் ஒரே அளவுக்கு இறங்கிய ஒன்றைத் தேடி எடுங்கள். நேரே பார்க்க வழியில்லை என்றால் இருப்பதே போதும், அந்தப் பணத்தில் மேசைவிளக்கு வாங்கிவிடலாம்.

அன்புடன்.